ஒரு சிரட்டை சுண்ணாம்பு

“என் பாத்தியில மட்டும் ஏன் ஒண்ணும் வர மாட்டேங்குது?” என்று கேட்டாள் சண்முகத்தாய்.

அல்போன்சா நிமிரவில்லை. குப்பைக் குழியைக் கம்பால் கிளறிக்கொண்டிருந்தாள்.

“எதைப் பார்த்துக்கிட்டுக் கேக்குறீங்க டீச்சர்?”

சண்முகத்தாய் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்துப் பாத்தியை.

*

தேயிலை மலையில் ஒரு பள்ளிக்கூடம். அதன் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சரிவு. உடைந்த பெஞ்சுகளைக் கொட்டிவைத்திருந்த இடம். அல்போன்சா அதைத் தோட்டமாக்கியிருந்தாள். பாடத்தையும் அங்கேயே கொண்டுபோய்விட்டாள்.

சத்துணவுக் கூடத்தின் காய்கறித் தோல் குப்பைக் குழிக்குப் போயிற்று. தட்டுக் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போயிற்று. அடுப்புச் சாம்பலைக்கூட யாரும் வெளியே எறிவதில்லை. பள்ளிக்கூடத்தில் மிஞ்சுவதை வைத்தே மண்ணைத் தேற்ற வேண்டும், கடையில் எதையும் வாங்கக் கூடாது. அங்கே இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அமிலம், காரம், உப்பு. பிள்ளைகள் அவற்றைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் மண்ணில் பார்த்தார்கள்.

அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள இரண்டு ஆசிரியைகள் வந்து சேர்ந்திருந்தார்கள். சண்முகத்தாய் ஒருத்தி. மைமூனா இன்னொருத்தி. ஆளுக்கு ஒரு பாத்தி, ஆளுக்கு ஒரு வகுப்பு. இரண்டு பாத்தியிலும் பீன்ஸ்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அல்போன்சா மாறுதலில் கீழே போகிறாள். இருவரில் ஒருத்திக்குத் தோட்டம். மற்றவள் நான்கு சுவருக்குள் பாடம் நடத்த வேண்டியதுதான்.

*

அல்போன்சாவைவிடச் சண்முகத்தாய் பதினைந்து வயது மூத்தவள். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவள். கரிசல் காட்டிலிருந்து மலைக்கு வந்தவள்.

எத்தனையோ வருடங்களாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு பிழை விட்டதில்லை. ஆனாலும் அவள் வகுப்பில் பிள்ளைகளின் முகம் மலர்வதை ஒரே ஒரு நேரத்தில்தான் பார்த்திருக்கிறாள். மணி அடிக்கும்போது.

ஓய்வு பெறுவதற்குள் ஒரு முறையாவது அந்த முகங்கள் பாடம் தொடங்கும்போது மலர வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

மைமூனாவுக்கு, அவள் வந்த முதல் வாரமே அது கிடைத்துவிட்டது.

அவள் பலகையில் வாய்பாட்டைத் தப்பாக எழுதினாள். “டீச்சர், ஒரு ரெண்டு விட்டுப்போச்சு!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். “அட ஆமா, எங்க ஓடிப்போச்சு அது?” என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். முந்தானையால் துடைத்துத் திரும்ப எழுதினாள். மறுபடியும் தப்பு.

அன்றிலிருந்து அவளைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம்.

*

“அவளுக்கு மட்டும் தனியா ஏதோ சொல்லித் தர்றீங்க” என்றாள் சண்முகத்தாய்.

“ஆமா.”

“ஒத்துக்கிறீங்களா!”

“உங்களுக்குத் தனியாச் சொன்னதைத்தான் அவங்களுக்கும் தனியாச் சொன்னேன்.”

“எனக்கு என்ன சொன்னீங்க?”

“மண்ணைக் கேளுங்கன்னு சொன்னேன்.”

சண்முகத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. “நான் மண்ணுலயே பொறந்து வளர்ந்தவ. எங்கப்பா வெவசாயம் பார்த்த சம்சாரி. எந்த மண்ணுக்கு என்ன போடணும்னு எனக்குத் தெரியாதா?”

“எந்த மண்ணு?” என்றாள் அல்போன்சா.

அதற்குள் மணி அடித்துவிட்டது.

*

சண்முகத்தாய் எதையும் கடையில் வாங்கவில்லை. சட்டத்தை மீறாதவள். ஆய்வுக்கூட அலமாரியில் அம்மோனியம் சல்பேட் குப்பிகள் மிஞ்சிக் கிடந்தன. கரிசலில் அவள் அப்பா பயிருக்கு இட்டது அதைத்தான். தராசில் நிறுத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். ஒரு துளி கூடவோ குறையவோ இல்லாமல்.

முதல் வாரம் இலைகள் கரும்பச்சையாயின. பிறகு வெளுத்தன. பிறகு செடி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

பக்கத்துப் பாத்தியில் மைமூனாவின் பிள்ளைகள் ஊதா முட்டைக்கோஸை வேகவைத்துச் சாறு எடுத்தார்கள். மண்ணைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, அந்தத் தெளிவில் சாற்றை விட்டார்கள். ஊதாச் சாறு ரோஜா நிறமாயிற்று. உடனே ஒரே கூச்சல். ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். அதற்குப்பின் தினமும் சத்துணவு முட்டையின் ஓடுகளைக் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் சேர்க்கத் தொடங்கினார்கள்.

கோஸ் தண்ணீரில் என்ன வேதியியல் என்று நினைத்துக்கொண்டாள் சண்முகத்தாய். விளையாட்டுப் பிள்ளைகள். விளையாட்டு டீச்சர்.

“அக்கா, நீங்களும் வந்து பாருங்களேன்!” என்று மைமூனா கூப்பிட்டாள்.

“நோட்டு திருத்தணும்” என்றாள் சண்முகத்தாய்.

நோட்டுகளை முன்தினமே திருத்தி முடித்திருந்தாள்.

*

மைமூனாவின் பாத்தியில் நாலைந்து பூ பூத்தது. செடிகள் அப்படியொன்றும் செழிப்பாக இல்லை. ஆனாலும் பூ பூதானே.

“கண்ணு பட்டுரும் டீச்சர்” என்றாள் அஞ்சுகம் என்ற பெண். மைமூனாவின் வகுப்பில் வாயாடி அவள். “சுத்திப் போடணும்.”

“யாரு கண்ணுடீ?”

“யாரு கண்ணோ! ஊருல கண்ணுக்கா பஞ்சம்?”

எல்லோரும் சிரித்தார்கள். சண்முகத்தாயும் சிரித்துவைத்தாள்.

அல்போன்சா அதையே அன்றைய பாடமாக்கினாள். ஒரு தட்டில் மஞ்சள் கரைத்தாள். சத்துணவுக் கூடத்துக்கு வெள்ளையடித்தது போக ஒரு வாளியில் மிஞ்சியிருந்த நீற்றுச் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை எடுத்தாள். தட்டில் போட்டதும் மஞ்சள் தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

“ஆரத்தி!” என்று கத்தினார்கள் பிள்ளைகள்.

“ஏன் சிவந்துச்சு?”

“சுண்ணாம்பு காரம் டீச்சர்!”

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சா?”

“திரும்ப மஞ்சளாயிரும்!”

அஞ்சுகம் தட்டை வாங்கிப் பாத்தியை மூன்று முறை சுற்றினாள். சாமியாடுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். மைமூனா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சண்முகத்தாய் சுண்ணாம்பு வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரிசலில் சுண்ணாம்புப் பாறை மேலே ஓடும் நிலங்கள் அவளுக்குத் தெரியும். அங்கே பயிர் தழைக்காது. இலை வெளுக்கும், நுனி கருகும். “சுண்ணாம்பு ஏறிப்போச்சு, இனி தேறாது” என்று அப்பா கையை உதறிக்கொண்டு வரப்பில் ஏறிவிடுவார்.

*

மறுநாள் காலை. இறைவணக்கக் கூட்டத்துக்கு எல்லோரும் முன்பக்கம் போயிருந்தார்கள். மைக்கில் யாரோ திருக்குறள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சண்முகத்தாய் சரிவில் இறங்கினாள்.

வாளிக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. தலைதட்ட அள்ளினாள். மைமூனாவின் பாத்தியில் செடிக்குச் செடி தூரைச் சுற்றித் தூவினாள். கையாலேயே மண்ணைப் புரட்டி மூடினாள்.

மைக்கில் குறளுக்கு விளக்கம் முடிந்தபோது கையை உதறிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். நெடுநாளாக அடைத்திருந்த ஏதோ ஒன்று திறந்ததுபோல் மூச்சு தாராளமாக வந்தது.

அதுதான் பிறகு அவளை அதிகம் பயமுறுத்தியது.

*

மத்தியானம் ஆசிரியர் அறையில் அவளும் அல்போன்சாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சண்முகத்தாய் பருப்புச் சாதம் கொண்டுவந்திருந்தாள். பிசைந்தாள்.

அல்போன்சா அவள் கையைப் பார்த்தாள்.

“பருப்பு செவக்குதே டீச்சர்.”

சண்முகத்தாய் குனிந்து பார்த்தாள். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் மஞ்சள் பருப்பு ஆரத்தி நிறத்தில் ஒட்டியிருந்தது.

“சோப்பு” என்றாள். “சரியாக் கழுவல போல.”

“சோப்பா?”

“சோப்புதான்.”

அல்போன்சா தலையாட்டினாள். தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயை எடுத்து அவள் தட்டு ஓரத்தில் வைத்தாள். எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

*

இரவில் மழை பெய்தது.

இரண்டு நாளில் மைமூனாவின் பாத்தியில் அடியிலைகள் சில ஓரம் கருகின. “ஐயோ, என்ன ஆச்சு!” என்று பிள்ளைகள் பதறினார்கள். மைமூனா முழங்காலிட்டு ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தாள். பூச்சி இல்லை. ஒன்றும் புரியவில்லை.

சண்முகத்தாய் ஆய்வுக்கூட ஜன்னலில் நின்று பார்த்தாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சோறு மட்டும் இறங்கவில்லை.

ஆனால் கருகியது அந்த அடியிலைகளோடு நின்றுவிட்டது.

அதற்கு மேல் புதுத் தளிர் வந்தது. தளிருக்கு மேல் கொடி. கொடி கம்பைப் பிடித்தது. பூ என்றால் அப்படியொரு பூ. அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. தலைமையாசிரியர் வந்து பார்த்தார். சத்துணவுக்கு இரண்டு நாள் அந்தப் பாத்தியிலிருந்துதான் பொரியல்.

“மைமூனா டீச்சர் கை ராசி” என்றார்கள்.

ராசியா? சண்முகத்தாய்க்குப் பற்றி எரிந்தது. அவள் போட்டது அது. அவள் குனிந்தாள், அவள் தூவினாள், அவள் கையாலேயே புரட்டினாள். பேர் மட்டும் இன்னொருத்திக்கு.

எதற்காகத் தூவினோம் என்பதுகூட அந்த எரிச்சலில் அவளுக்கு மறந்துபோயிற்று.

*

அல்போன்சாவின் கடைசி நாள்.

இரண்டு வகுப்பும் சரிவில் உட்கார்ந்திருந்தன. கரும்பலகையைத் தூக்கி வந்து வாழைமரத்தில் சாய்த்திருந்தார்கள்.

“மைமூனா” என்றாள் அல்போன்சா. “தோட்டத்தை நீங்க எடுத்துக்கிறீங்களா?”

பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். மைமூனா எழுந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

“வேண்டாம் டீச்சர்.”

“ஏன்?”

மைமூனா இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துக் காட்டினாள். “இது மொதல்ல எடுத்து வச்சிருந்த மண்ணு. அன்னைக்குப் பண்ண மாதிரியே இன்னைக்கும் கோஸ் சாறு விட்டேன்.” அதில் ரோஜா நிறம். “இது இப்ப இருக்கிற மண்ணு.” அதில் நீலம்.

“மண்ணு புளிச்சுக் கெடந்துச்சு. இப்ப புளிப்பு போயிருச்சு. ஆனா நான் ஒண்ணுமே போடல டீச்சர். போடணும்னு சேர்த்த முட்டை ஓடு இன்னும் சாக்குலயே கெடக்கு. எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியல. தெரியாததை எப்படிச் சொல்லிக்குடுப்பேன்?”

சண்முகத்தாய் அந்த இரண்டு டம்ளர்களையும் பார்த்தாள்.

அவள் கெட்டிக்காரி. ஒரு நொடிதான் ஆயிற்று.

தேயிலை மண். மழை கழுவிக் கழுவிப் புளித்த மண். கரிசலுக்கு நேர் எதிர். கரிசலில் விஷமாவது இங்கே மருந்து. கரிசலுக்கு உகந்தது என்று அவள் தன் பாத்திக்கு நிறுத்து நிறுத்து ஊற்றியது புளித்த மண்ணை மேலும் புளிக்கவைத்திருக்கிறது.

“அப்ப ஏன் வளர்ந்துச்சுன்னு தெரிஞ்சவங்க எடுத்துக்கட்டும்” என்றாள் அல்போன்சா. “யாருக்காவது தெரியுமா?”

குப்பைக் குழியில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியும்” என்றாள் சண்முகத்தாய்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

“நான்தான் போட்டேன். சுண்ணாம்பு.”

அவள் எழுந்தாள். பேச்சு தானாக வந்தது. சுண்ணாம்பு காரம். புளித்த மண் அமிலம். ஒன்று மற்றொன்றை அடக்கும். அடங்கியதும் மண்ணில் பூட்டிக் கிடக்கும் சத்து வேருக்குக் கிடைக்கும். இவ்வளவு அழகாக அவள் வகுப்பறையில் சொன்னதில்லை. டம்ளரைத் தூக்கிப் பிடித்தாள். நீலத்துக்குள் வெயில் நின்றது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்வரிசை முழங்காலிட்டு எம்பிப் பார்த்தது. பின்வரிசை எழுந்தே நின்றுவிட்டது. அத்தனை முகமும் அவளை நோக்கி மலர்ந்திருந்தது.

மைமூனா ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“அக்கா! யாருக்கும் சொல்லாம எனக்காகச் செஞ்சிருக்கீங்களே. உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க்கா. ஊர்ல அம்மாகிட்டகூடச் சொன்னேன்.”

சண்முகத்தாய் அந்தக் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

“ஒரு சந்தேகம்” என்றாள் அல்போன்சா.

அவள் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

“உங்க பாத்திக்கு ஏன் போடல?”

எல்லோரும் சண்முகத்தாயின் பாத்தியைப் பார்த்தார்கள். வெளுத்து, குட்டையாக, ஒரு காய்கூட இல்லாமல் நின்றது.

“அவங்க தனக்குன்னு நெனைக்கல டீச்சர்!” என்றாள் அஞ்சுகம். “நம்ம பாத்தி நல்லாயிருந்தாப் போதும்னு விட்டுட்டாங்க. பெரிய மனசு!”

மறுபடியும் கைதட்டல்.

தோட்டம் கைக்கு வந்துவிட்டது. இனி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. லேசாகச் சிரித்தால் போதும். நாளை முதல் இந்த முகங்கள் அவளுடையவை. சாகும்வரை பெரிய மனசுக்காரி என்று இந்த மலையில் பேர்.

அல்போன்சாவின் மூட்டைமுடிச்சு வாசலில் கட்டி வைத்திருந்தது. மத்தியான பஸ்ஸில் அவள் போய்விடுவாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். அவ்வளவுதான்.

மைமூனாவின் கை சூடாக இருந்தது.

“கருகட்டும்னு போட்டேன்” என்றாள் சண்முகத்தாய்.

யாரோ ஒரு பையன் வேடிக்கை என்று நினைத்துக் களுக்கென்று சிரித்தான். பக்கத்திலிருந்தவன் அவனை இடித்தான்.

“இந்த மண்ணு எனக்குத் தெரியாது. சோதிச்சும் பார்க்கல. எங்க ஊரு மண்ணுன்னு நெனச்சுப் போட்டேன். எங்க ஊர்ல சுண்ணாம்பு ஏறுனா பயிர் தேறாது.” அவள் மைமூனாவைப் பார்க்கவில்லை. “நீ அழணும்னு போட்டேன்.”

மைமூனாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அவள் பின்னால் நகர்ந்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அஞ்சுகம் நகர்ந்து வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

சண்முகத்தாய் செருப்பைத் தேடினாள். மேலே ஏறிப் போய்விட வேண்டும். நாளைக்கே மாறுதல் கேட்டு எழுதிவிட வேண்டும்.

அல்போன்சா குறுக்கே வந்து நின்றாள். கையில் ஒரு சாக்பீஸ். அதை அவளிடம் நீட்டினாள்.

“பசங்க எழுதக் காத்துக்கிட்டு இருக்காங்க டீச்சர்” என்றாள். “எவ்வளவு போட்டீங்க?”